கணக்கில் இல்லாத முப்பது கல்

என் அண்ணன் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மனிதர்களை அப்புறம்தான் நலம் விசாரிப்பார். முப்பத்தோரு வருடம் டைல்ஸ் ஒட்டியவர். ஒரு சுவரோரம் எத்தனை கல், அடுத்த சுவரோரம் எத்தனை கல் என்று கண்ணாலேயே எண்ணி, நாற்காலியில் உட்காருவதற்குள் அறையின் சதுர அடியைச் சொல்லிவிடுவார். கூட வேலை செய்தவர்கள் அவரை ரசமட்டம் என்று கூப்பிட்டார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற, நடுவில் குமிழி ஓடும் கருவியின் பெயர் அது. ஒரு நூல் பிசகினாலும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்வார் என்ற எரிச்சலில் வைத்தது. பாராட்டு ஒன்றும் இல்லை.

போன மாதம் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றதைப் பற்றியே பேசினார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை.

அரசு வளாகத்தில் பெரிய கூட்ட அரங்கு ஒன்று கட்டினார்கள். அதன் தரை அண்ணன் ஒட்டியது. இரண்டு மாத வேலை. மூன்று வருடம் கழித்து அதே ஒப்பந்தக்காரர் கூப்பிட்டு, எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும் என்றார். அண்ணன் சுத்தியல் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தார். அடியில் காலியாக இருந்தால் சத்தம் வேறு மாதிரி வரும். ஒரு கல் கூட அப்படிச் சத்தம் போடவில்லை.

"என்ன குறைன்னு பேக்குறோம்?"

"குறை ஒண்ணுமில்ல. பணம் ஒதுக்கிட்டாங்க, செலவு பண்ணணும். நீ பேத்துடு."

பெயர்த்தார். புதிதாக ஒட்டினார். கூலியும் வாங்கினார். அந்த வருடமே 'வளர்ச்சிப் பணிகளுக்காக' என்று சொத்து வரியை ஒன்றரை மடங்காக உயர்த்தி வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்தது. அண்ணன் நோட்டீஸை வாசல்படியில் நின்று இரண்டு தடவை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், வரப்போகிற தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன் என்று திரும்பி வந்தார்.

"வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" என்றார் அண்ணி.

"வேலை பண்ணித்தானே வயித்தெரிச்சல்."

கட்சி இல்லை, கொடி இல்லை. அவர் பிரச்சாரமே வேறு மாதிரி. வீடு வீடாகப் போய் வரி ரசீதை எடுத்து வரச் சொல்வார். அறை அறையாகக் கல்லை எண்ணி, சுவர் கனத்தைச் சேர்த்து, ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருவார். பாதி வீடுகளில் ரசீது சொன்ன அளவு நிஜத்தைவிட அதிகம். தையல்கடைக்காரம்மா வீட்டுக்கு, இல்லாத ஒரு அறைக்கே ஏழு வருடமாக வரி. "அந்த ரூம் எங்கன்னு கேளும்மா, சாவியாவது வாங்கிக்கலாம்" என்றார் அண்ணன். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது வாரத்தில் ஆட்கள் அவரைத் தேடி வந்து அழைத்துப் போக ஆரம்பித்தார்கள்.

எதிரே நின்றவர் மூன்று தடவை ஜெயித்த உறுப்பினர்; அரங்குக்குப் பணம் ஒதுக்கியவரும் அவர்தான். அவருடைய மருமகன்தான் பிரச்சாரத்தைக் கவனித்தார். ஒரு நாள் எங்கள் தெருமுனையில் வேனை நிறுத்தி ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

"அரங்கு வேலையில கூலி வாங்கினியா, இல்லையா?"

"வாங்கினேன். ரெண்டு தடவை வாங்கினேன். மூணாவது தடவையும் கூப்பிட்டுருவீங்களோன்னு பயந்துதான்யா எலெக்‌ஷன்ல நிக்கிறேன்."

தெருவே கைதட்டியது. மருமகன் அசரவில்லை. "ஊரான் வீட்டையெல்லாம் எண்ணுறியே, உன் வீட்டை எண்ணினியா?"

அண்ணன் கண் எங்கள் வீட்டு மாடிப் பக்கம் போய்த் திரும்பியது. அதை நான் பார்த்தேன். ஏனென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம், கீழே இரைச்சலில் படிக்க முடியாது என்று மாடியில் ஓர் அறை கட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கட்டியது. பல வேலைகளில் மிச்சமான கல்லை ஒட்டியதால் தரை மூன்று நிறம். எங்கள் வரி ரசீதில் கீழ்த்தளம் மட்டும்தான் உண்டு. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பத்து வருடம் அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அவர் நேராக மாடிக்கு வந்தார். கட்டிலை நகர்த்தச் சொன்னார். வாசலில் நின்று பார்த்தாலே எண்ணிவிடக்கூடியவர், குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டுக்கு இரண்டு அடிக் கல், ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. முப்பது கல். நூற்றிருபது சதுர அடி.

அண்ணி கதவருகே நின்றார். "ஊர்ல எத்தனை மாடி கணக்குல இல்ல? உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

நானும் அதைத்தான் சொன்னேன். "அண்ணே, ஓட்டுப்பதிவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. முடிஞ்சதும் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா மொத்தமும் போயிரும்."

"அவங்க கண்டுபிடிச்சப்புறம் சொன்னா, மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம். அந்த அரங்கு வாசல்ல நின்னு கேள்வி கேக்க எனக்கு வாய் வேணும்மா. இந்த ரூமை வச்சுக்கிட்டு எப்படிக் கேப்பேன்?"

மறுநாள் காலை வரி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே ஒரு படிவத்தை நீட்டினார்.

"குறைக்கத்தானே? ரெண்டு பக்கமும் நிரப்புங்க."

"இல்லம்மா. கூட்ட."

இப்போது நிமிர்ந்தார். "கூட்டவா? அதுக்கு ஃபாரம் கிடையாதுங்களே. இதுவரை யாரும் கேட்டதில்ல."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "அண்ணே, ஆசையா இருந்தா என்னோடதையும் உங்க பேர்ல சேர்த்துக்கோங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் படிவத்தில் 'குறைக்க' என்று அச்சிட்டிருந்த இடங்களையெல்லாம் அடித்து, மேலே 'கூட்ட' என்று எழுதினார். மொத்தம் நான்கு இடம். அந்தப் பெண் மேலதிகாரியைக் கேட்டு வந்து முத்திரை குத்தினார். குத்தும்போதும் நம்பிக்கை இல்லாமலே குத்தினார்.

அன்று மாலைக் கூட்டத்துக்கு மருமகனின் ஆட்கள் எங்கள் மாடி அறையின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் விரிப்பதற்கு முன்னால் அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. முப்பது கல்லு. பத்து வருஷமா வரி கட்டல. தப்பு என்னோடது. இன்னிக்குக் காலையில எழுதிக் கொடுத்துட்டேன், இதோ முத்திரை."

"திருடன்!" என்று ஒரு குரல்.

"ஆமாய்யா. நூத்தியிருபது சதுர அடித் திருடன். ஒத்துக்கிட்டேன். அரங்குல மொத்தம் நாலாயிரத்து அறுநூறு கல்லு. ஒண்ணுகூட ஆடல. அதைப் பேக்கச் சொன்னது யாரு? அவர் எங்க எழுதிக் கொடுத்திருக்காரு? முத்திரையைக் காட்டச் சொல்லு!"

சுருட்டிய படம் சுருட்டியபடியே திரும்பிப் போனது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

தோற்றோம். ஆயிரத்து நூறு ஓட்டு வித்தியாசம். திருடன் என்று நினைத்து யாரும் கைவிடவில்லை. எதிர்வீட்டு மாமா பிறகு என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "சொந்த வீட்டு மாடியையே வரிக்கு எழுதிக் கொடுத்தவரும்மா உங்க அண்ணன். ஜெயிச்சா அடுத்து எங்க மாடிக்குத்தான் ஏறுவாரு." எங்கள் தெருவில் கணக்கில் இல்லாத மாடிகள் பதினேழு. அண்ணனுக்கு அது முன்பே தெரியும். எண்ணியவர் அவர்தானே. ஒருவரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

மாடி அறையையும் சேர்த்து உயர்த்திய வரிக்கான நோட்டீஸ் வந்த அன்றே போய்க் கட்டினார். அங்கிருந்து நேராக உறுப்பினரின் அலுவலகத்துக்கு நடந்தார். நான் வேண்டாம் என்றபடியே பின்னால் போனேன், கேட்கவில்லை. பார்வையாளர் வரிசையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போனதும், ரசீதை மேசைமேல் விரித்து வைத்தார்.

"இது என் கணக்கு. அரங்குக் கணக்கை எடுங்க."

உறுப்பினர் பொறுமையாகத்தான் பேசினார். "தம்பி, நீங்க தோத்துட்டீங்க. எலெக்‌ஷன் முடிஞ்சுபோச்சு."

"வேட்பாளர் தோத்துட்டான், ஒத்துக்கிறேன். வரி கட்டினவன் வந்திருக்கேன்."

உதவியாளர் வந்து தோளைத் தொட்டார். அண்ணன் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எடுங்க. எனக்கு இன்னிக்கு வேற வேலையில்ல."