கடைசி ஃபாரம்

அச்சகத்தின் பைண்டிங் கூடத்தில் புத்தகத் தையல் ஊசி பிடிக்கிறவளுக்கு, தைக்கிற கதையைப் படிக்காமல் கை ஓடாது. இந்த முறை அரண்மனைக் கொலையைத் துப்பறிகிற ஒருத்தியின் கதை. கொலைகாரன் பிடிபட்டான். காவல் தலைவன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான், துப்பறிவதை விட்டுவிடச் சொல்லி. அவள் பதில் கடைசிப் பதினாறு பக்கங்களில், இன்னும் அச்சாகாத ஃபாரத்தில் இருந்தது.

அச்சு மெஷின்காரரும் போன வாரம் இவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். இவள் வேலையைத் தொடர்வதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

கடைசி ஃபாரத்தை அவரே மடித்துக் கொண்டுவந்தார். இவள் பிரிக்கவில்லை.

“நீங்க சொல்லுங்க. கல்யாணத்துக்கப்புறம் அவ துப்பறியலாமா?”

“வெளியவே துப்பறியட்டும்ங்க. வீட்ல சும்மா உட்கார்ந்தா என்னையில்ல துப்பறிவா.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதல் தடவையாகப் படிக்காமலே தைத்தாள்.