காதுக்குள்ள தண்ணி விடமுதல்

காது கழுவினதுக்குப் பில்லில கோட் நம்பர் போடுற ஆக்கள் நிம்மதியாய் நித்திரை கொண்டதாய் நான் கேள்விப்படேல்லை. நீங்களும் கிளினிக்கில பில்லிங் பார்க்கிறவை எண்டால் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பார்த்தவரோ, கழுவினவரோ?

எங்கட கிளினிக் மில்லிக்கனில ஒரு பிளாசாக்குள்ள இருக்கு. டொக்டர் தங்கமான மனுசன், எழுதத்தான் பஞ்சி. ஃபைலில "காது" எண்டு மட்டும் போட்டுட்டுப் போயிடுவார். பார்த்ததுக்கு ஒரு கோட், கழுவினதுக்கு வேற கோட். மாறி அனுப்பி, காசு குடுக்கிற சுகாதார மினிஸ்ட்ரிக்காரர் ஃபைலைக் கேட்டால் களவு எண்டெல்லோ சொல்லுவினம்? நான் ஸ்பொன்சரில இந்த நாட்டுக்கு வந்து கனகாலமில்லை. வேலையும் போய், திருப்பியும் அனுப்பிப்போடுவாங்களோ எண்டு பயம். ஒவ்வொரு காதுக்கும் டொக்டரின்ர கதவைத் தட்டுவன். ரிசப்ஷனில இருக்கிற வசந்தி அக்காவுக்குச் சிரிப்பு.

"உன்னைப் பிடிக்க வந்தால் நான் ரீ போட்டுக் குடுத்து மறிக்கிறன், போய் வேலையைப் பார்."

உள்ளி எண்ணெய்

கழுவ வரமுதல் காதுக்குத் துளிமருந்து விடச்சொல்லுறது வழக்கம். மல்வேர்னில இருந்து வந்த அங்கிள் ஒருத்தர் நல்லெண்ணெயில உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி ஊத்திக்கொண்டு வந்திட்டார். காது வீங்கிப் போச்சு. டொக்டர் கழுவமாட்டன் எண்டிட்டார். நான் வெறும் விசிட் எண்டு கோட் போட்டன். அங்கிள் கவுண்டரில வந்து நிண்டு ஒரே சத்தம்.

"கழுவாமல் விட்டதுக்கு ஏன் பிள்ளை என்ர ஹெல்த் கார்ட்டை இழுத்தனி?"

கூட வந்தவர்

எங்கட சனம் டொக்டரிட்டத் தனிய வாறேல்லை. கூட வந்தவரும் கதிரையில இருந்தபடி, "என்ர காதையும் ஒருக்கால் பாருங்கோவன்" எண்டுவார். எங்கட டொக்டருக்கு மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது. பிறகு அந்தக் காதை நான் ஆரின்ர ஃபைலில போடுறது?

போன கிழமை ஒரு அன்ரி பிரஷர் பார்க்க வந்தவ. பார்த்து முடிஞ்சு, அடுத்த அப்பொயின்ட்மென்ட் எடுக்கக் கவுண்டருக்கு வந்திட்டா. கூட வந்த அவவின்ர மனுசனைக் காணேல்லை. எட்டிப் பார்த்தால், அவரின்ர தோளில துவாய், டொக்டரின்ர கையில தண்ணி நிரப்பின சிரிஞ்ச்! அவர் வேற டொக்டரிட்டப் போறவர், எங்களிட்ட ஃபைலே இல்லை. என்ர கதை முடிஞ்சுது எண்டு ஓடினன்.

"டொக்டர், நில்லுங்கோ! அங்கிளின்ர கார்ட் எடுக்கேல்லை!"

அங்கிளுக்குக் கோவம் வந்திட்டுது. "ஒரு சொட்டுத் தண்ணிக்கும் கார்ட்டோ? அது மனுசியின்ர பேக்கில கிடக்கு, போய்க் கேள்."

கேட்டன். அன்ரி பேக்கைத் திறந்துகொண்டே அறைக்குள்ள வந்தவ, சிரிஞ்சைக் கண்டதும் கத்திக் குழறிப்போட்டா. அவருக்கு அந்தக் காதுச் சவ்வில ஓட்டையாம். தண்ணி படவே கூடாதெண்டு ஸ்பெஷலிஸ்ட் சொல்லியிருக்கிறாராம். ஊத்தை அடைச்சதில டொக்டருக்குச் சவ்வு தெரியேல்லை. அங்கிள், அந்த ஓட்டை எப்பவோ மாறி மூடியிருக்கும் எண்டு நினைச்சுச் சொல்லாமல் இருந்திட்டார். டொக்டர் சிரிஞ்சில இருந்த தண்ணியைத் தொட்டிக்குள்ள ஊத்தினார். அன்ரி அழுதுகொண்டே மனுசனைப் பேசினா.

"உங்களுக்குக் காது போயிருந்தால் நான் ஆரோட கத்துறது?"

மினிஸ்ட்ரிக்குப் பயந்து ஓடினதை, அந்த மனுசனின்ர காதுக்காக ஓடினதெண்டு எல்லாரும் புகழுகினம், நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறன்.