நீலம் பாய்ந்த தலையணை உறை

என் அக்காவின் கணவர் கல்யாண வீடியோக்காரர். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருக்கும் வெள்ளைத் தாளைத்தான் எடுப்பார். மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் அதைப் பிடிக்கச் சொல்லி, கேமராவில் ஒரு பொத்தானை அழுத்துவார். ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு நிறம். எது வெள்ளை என்று காட்டிக் கொடுத்தால்தான் கேமரா மற்ற நிறங்களைச் சரியாகப் பிடிக்கும். அதனால் அவருக்குப் 'பேப்பர்' என்றே பெயர்.

"அந்தத் தாளைப் பாக்குற மாதிரி என்னை ஒருநாளாவது பாத்திருக்கீங்களா?" என்று அக்கா சீண்டுவாள்.

"நீ அவ்வளவு வெள்ளை இல்லியே" என்பார்.

அக்காவுக்கு ஈரல் கெட்டு, கண்ணும் முகமும் மஞ்சளாகிவிட்டன. மகள் தூரத்து நகரத்தில் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா முகத்தைக் காட்டுங்கப்பா. பாத்துட்டுக் கிளம்பறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்" என்றாள்.

"இந்த மூஞ்சியைக் காட்டுனா அவ பரீட்சை எழுதுவாளா? ஏதாவது பண்ணுங்க" என்றாள் அக்கா.

மாமா கேமராவை எடுத்தார். வெள்ளைத் தாளை எடுக்கவில்லை. அக்காவின் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து என்னிடம் நீட்டினார். அதன் அட்டை வெளிர் மஞ்சள்.

"இதை அவ முகத்துக்கு முன்னால பிடிம்மா."

பொத்தானை அழுத்தினார். அந்த மஞ்சளையே வெள்ளை என்று கேமரா நம்பிவிட்டது. திரையில் அக்காவின் முகத்திலிருந்து மஞ்சள் வடிந்துபோயிருந்தது. தலையணை உறைதான் நீலம் பாய்ந்து தெரிந்தது. அதைப் பார்த்ததும் மாமா முகத்தை மட்டும் நெருக்கி எடுத்தார். அக்கா சிரித்து, "நல்லா எழுதிட்டு வாடி" என்றாள்.

மகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள், மகள் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஓரத்தில் துளி உறை தெரிந்தது. "சித்தி, இது நான் வாங்கிக் கொடுத்த வெள்ளை உறைதானே? ஏன் நீலமா இருக்கு?"

நான் வாய் திறக்குமுன் மாமா எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தவில்லை.

"மஞ்சளாத் தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்பா."

"தெரியும்மா. அதனாலதான்..."

"அம்மா இருந்த மாதிரியே காட்டுங்க."

மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளைக் கூட்டினார். அக்காவின் கன்னம் மாறியது, பிறகு கண்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவா, சித்தி?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

"போதும்பா" என்றாள் அவள்.

உறையில் இன்னும் லேசாக நீலம் இருந்தது. மாமா அதையே பார்த்தபடி மஞ்சளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.