கண்ணாடி அறையில் கேட்டது

அலுவலகத்தில் அவளைக் கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்னதைச் சொல்வது அவள் வேலை. இரண்டு நாட்டு அதிகாரிகள் வணிகப் பேச்சு நடத்தும் மண்டபத்தின் பின்புறம் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஹெட்போனோடு உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேச மொழிபெயர்ப்பாள். கேட்டதை வெளியே விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு வார்த்தை கசிந்ததில்லை.

அந்த முறை பேச்சு சினிமா, டிவி பற்றியது. மாலை நேர நிகழ்ச்சிகளில் பாதி உள்நாட்டில் எடுத்ததாக இருக்கவேண்டும் என்ற விதியைக் கைவிடச் சொன்னது எதிர்த்தரப்பு. மூன்றாம் நாள் நம் தரப்புச் செயலாளர் தண்ணீர் குடித்துவிட்டு, "கால்வாசின்னா யோசிக்கலாம்" என்றார்.

அதை மொழிபெயர்க்கும்போது அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் கணவன் சீரியல் எடிட்டர். வேலையை விட்டுவிட்டு, உள்ளூர் சீரியல்களை நம்பி நண்பனோடு ஸ்டூடியோ தொடங்கவிருந்தான். வெள்ளிக்கிழமை ராஜினாமா.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளி காலை, சட்டைப்பையில் கடிதத்தோடு அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு மாசம் பொறுங்களேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். மேற்கொண்டு கேட்கவில்லை. கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனான். கேட்டிருந்தால்கூடத் தேவலை, கேட்காததிலேயே அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று தெரிந்தது. நண்பனிடம் என்ன காரணம் சொல்வான்? அந்த நண்பன் யாரிடம் சொல்வான்?

பேச்சு தொடங்கக் கால்மணி இருக்கையில் செயலாளரின் கதவைத் தட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் படித்துக்கொண்டிருந்த ஃபைலை மூடிவைத்தார்.

"பொறுங்கன்னு புருஷன்கிட்ட சொல்லாத பொண்டாட்டி உண்டாம்மா?" என்றார். "ஆனா நீங்க அந்த ரூம்ல உக்கார்றவங்க. சாவியக் குடுத்துடுங்க."

அன்றே அவளை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். காரணத்தை அவள் வீட்டில் சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒப்பந்தம் செய்தித்தாளில் வந்தது: கால்வாசி. கணவன் இரண்டுமுறை படித்தான்.

"என்னாலதான் உன்ன மாத்துனாங்களா?"

"நானாத்தான் போய்ச் சொன்னேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வருடம் முடியுமுன் அவன் எடிட் செய்துகொண்டிருந்த சீரியல் நின்றது. பிறகு ஸ்டூடியோவும் வந்தது, வெளிநாட்டு சீரியல்களுக்குத் தமிழில் குரல் சேர்க்கும் இடமாக. வசனம் எழுத வரச் சொன்னான். மாட்டேன் என்றாள். மூன்றாவது விண்ணப்பத்தில் கண்ணாடி அறை திரும்பக் கிடைத்தது. இம்முறை பேச்சு மீன் இறக்குமதி பற்றியது. சொந்தத்தில் யாரும் மீன் தொழிலில் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள்.