தோல் ஷாப்பில் ஊறிய ஹாட் டாக்

1. தெரியும் என்று சொன்னது

ஆம்பூரில் தோல் பதம் பண்ணும் ஷாப்பு வைத்திருந்த ஒரு சாயபுவின் பங்களாவில் நான் பத்து வருஷம் குக்காக இருந்தேன். தோல் வாங்க வரும் துரைமார்கள் அங்கேதான் தங்குவார்கள். சாப்பாடு பிடித்தால் நிதானமாகத் தோல் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் பாதி பார்த்துவிட்டு மெட்ராஸ் ரயில் ஏறிவிடுவார்கள். எனக்கு முன்னால் இருந்த குக்குக்குச் சீட்டு கிழிந்தது அந்தக் காரணத்தால்தான்.

ஒரு தடவை அமெரிக்காவிலிருந்து ஒரு துரை வந்தார். முதல் நாளே முகம் சரியில்லை. நம் ஷாப்பில் தோல் ஊறும் ஆவாரம் பட்டைத் தண்ணியில் சத்தே இல்லை, தோல் உள்வரைக்கும் பதமாகவில்லை என்று அவருக்குச் சந்தேகம். நான் வைத்த சாப்பாட்டையும் தொடவில்லை. என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். ஹாட் டாக் என்றார். செய்யத் தெரியுமா என்றார். தெரியும் சார் என்றேன். அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவரே விவரமும் சொன்னார். கொத்துக்கறியைக் குடலில் அடைக்க வேண்டும். வெளியே செம்பழுப்பாக இருக்க வேண்டும். நீள ரொட்டியைக் கீறி, நடுவில் வைத்து, அரைத்த கடுகு தடவி, வெங்காயம் தூவ வேண்டும். அவருக்கு வேகவைத்தது பிடிக்குமாம். பெண்டாட்டிக்கு வெண்ணெயில் பொரித்தது. தம்பிக்குக் கரியில் சுட்டது. ஒரே வீட்டில் மூன்று அடுப்பு! அந்த வீட்டுக் குக்கை நினைத்துப் பாவப்பட்டேன்.

மொதலாளி சமையல்கட்டுக்கே வந்துவிட்டார்.

"அந்தோணி, இன்னா கேக்குறான்?"

"கறி ரொட்டி, மொதலாளி." பேரைத் தமிழில் சொல்லியிருந்தால் அங்கேயே என் கதை முடிந்திருக்கும்.

"பன்னிக்கறி என் வூட்டுக்குள்ள வராது."

"ஆட்டுக்கறிதான். தொரையே சரின்னுட்டார்."

"நாளைக்கு அவன் திருப்தியா துன்னணும். இல்லன்னா நீயும் அவன்கூட ரயில் ஏறிக்க."

2. நல்ல நிறம்

கசாப்புக்கடையிலிருந்து குடல் வந்தது. குடல் கழுவுவது என்றால் எனக்கு அருவருப்பு. தோல் குழியில் வேலை செய்யும் முனுசாமி எனக்கு தோஸ்த். அவனிடம் கொடுத்தேன்.

"இதைச் சுத்தம் பண்ணிக் குடுடா. நாளைக்குக் காலைல வேணும்."

"எதுக்குண்ணா?"

"தொரைக்கு."

அதோடு நிறுத்திவிட்டேன். சமைக்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் கொண்டுவந்தான். ஒரு தூசி இல்லை. நிறமோ துரை சொன்ன அதே செம்பழுப்பு. ஷாப்பு மணி அடித்துவிட்டதால் கொடுத்த கையோடு ஓடிவிட்டான். இந்த நிறம் எப்படி வந்தது என்று நானும் கேட்கவில்லை. குடலில் ஆவாரம் பட்டை வாசனை அடித்திருக்கும். ஊரே அந்த வாசனையில் கிடக்கிற ஆம்பூரில் யார் மூக்குக்கு அது தெரியப்போகிறது!

கொத்துக்கறியில் மிளகும் பூண்டும் போட்டு அடைத்து, வேகவைத்து, மத்தியானம் மேஜைக்கு அனுப்பினேன்.

துரை கடித்தார். பிறகு வேறு பக்கத்துப் பல்லால் கடித்தார். கத்தியை எடுத்து அழுத்தினார். கறி முழுவதும் மறுமுனை வழியாகக் கிளம்பி எதிரே இருந்த மொதலாளியின் வெள்ளைக் கோட்டில் போய் உட்கார்ந்தது. துரை கையில் வெறும் குடல் மிஞ்சியது. அதை மடித்தார், இழுத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மிச்சக் கொத்துக்கறி இருந்தது. சாயபு வீட்டுக் கபாபுக் கம்பியும் இருந்தது. கறியைக் கம்பியில் நீளமாகப் பிடித்துக் கரியில் சுட்டு, ரொட்டியில் வைத்து, கடுகும் காடியில் ஊறிய வெங்காயமும் போட்டுத் துரை அறைக்கு அனுப்பினேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. சந்தோஷப்பட நேரமில்லை. நேராகக் குழிப் பக்கம் போய் வாசலில் நின்று முனுசாமியைக் கூப்பிட்டேன்.

"குடல் அழுகிடுமேன்னு பட்டைத் தண்ணியில போட்டேன்ணா. தொரைக்குன்னியே, சாம்பிள்னு நெனச்சேன்."

"பாவி! அதை நான் துன்னக் குடுத்துட்டேண்டா!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "மொதலாளிக்குத் தெரிஞ்சா இன்னிக்கே கணக்கு முடிச்சுடுவார். எம் பேரைச் சொல்லாதண்ணா."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பயம்தான், இரண்டு பேருக்காகவும்.

3. எந்தக் குழி?

மறுநாள் காலை மொதலாளி வந்தார். "அந்தக் குடலை ஊற வச்சது யாரு? தொரை கேக்குறான்."

"நான்தான், மொதலாளி."

வேலை போனாலும் மானமாகப் போகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "வா" என்று குழிகளுக்குக் கூட்டிப் போனார். துரை கையில் அந்தக் குடலோடு நின்றிருந்தார். எந்தக் குழி என்றார்.

பத்து வருஷத்தில் நான் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. கிட்டத்தில் இருந்த குழியைக் காட்டினேன். அது தோலின் மயிரை உதிர்க்கிற சுண்ணாம்புக் குழி; பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எவ்வளவு நேரம் ஊறியது என்றார். வேகும் வரைக்கும் என்றேன்.

துரை நோட்டுப் புத்தகத்தை மூடினார். வேறு ஷாப்பில் பதம் பண்ணியதைக் காட்டி ஏமாற்றுகிறீர்கள் என்று மொதலாளியிடம் சொல்லிவிட்டு நடந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் குற்றவாளியைத் தேடவில்லை. ஒரே நாளில் இவ்வளவு சீராகப் பிடிக்கிற பட்டைத் தண்ணி எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்.

"முனுசாமி!" என்று கத்தினேன். "சொல்லுடா, எந்தக் குழி?"

துரோகி என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். பிறகு நாலாவது குழியைக் காட்டினான். துரை திரும்பி வந்து குனிந்து, துவர்ப்பு பார்க்க விரலை விட்டு நக்கினார். என் ஹாட் டாக்கை ஒரு வாய் கடிக்க முடியாதவர், அந்தத் தண்ணியை இரண்டு தடவை நக்கித் தலையாட்டினார்.

நாலு நாள் தங்கி எல்லாத் தோலையும் பார்த்து எடுத்துக்கொண்டார். மத்தியானம்தோறும் கம்பியில் சுட்டதுதான் கேட்டார். முனுசாமியை அந்தக் குழி வரிசைக்கு மேஸ்திரி ஆக்கினார்கள். ஆனால் அவன் என்னோடு பேசவில்லை. பேரைச் சொன்னதால் கோபம் என்று நினைத்து, ஒரு ரொட்டியில் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"பேரைச் சொன்னது போவுது. நான் பண்ண வேலைய நீ பண்ணதா மொதல்ல சொன்னியாமே?"

உன்னைக் காப்பாற்றத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

குக் வேலைக்கு வருகிறவர்களே, குடலை நீங்களே கழுவிக்கொள்ளுங்கள். அடுத்தவன் தப்பை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளும் முன், அது தப்புத்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முனுசாமி ரொட்டியை வாங்கி, முதலில் கறியை விரலால் அமுக்கிப் பார்த்தான். பிறகுதான் கடித்தான்.

"கடுகு ஜாஸ்திண்ணா" என்றான்.