கருப்பனுக்கு ரெண்டு பேர்

கருப்பனைப் பார்க்க தீபா வரப்போகிறாள் என்று போன் வந்ததிலிருந்து பிரேமகுமாரிக்கு வயிறு எரிந்தது. மூன்று வருடமாக இல்லாத பாசம் இப்போது எங்கிருந்து வந்ததாம்?

திருத்தணிக்கு வெளியே, ஆர்.கே.பேட்டை போகும் ரோட்டை ஒட்டிய மேட்டில் அவள் முப்பத்திரண்டு வெள்ளாடுகள் வைத்திருக்கிறாள். கணவன் ஜெபதாஸ் சென்னையில் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். அங்கே குடியிருக்கும் தீபா வளர்த்த நாய்தான் கருப்பன். பார்டர் கோலி சாதி. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேரும் எல்லையில், செம்மறி மேய்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம். அடுக்குமாடியில் மேய்க்க எதுவும் இல்லாததால் அங்கிருந்த பிள்ளைகளைச் சுற்றிவளைத்துக் குதிகாலைக் கவ்வியது. புகார்மேல் புகார். கடைசியில் ஜெபதாஸ் ஊருக்குக் கொண்டுவந்து விட்டான்.

முதல் கோடையில் அது இரைத்த இரைப்பைப் பார்த்து, பிரேமகுமாரி கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். கால்நடை டாக்டர்தான் தடுத்தார்.

"மொட்டையடிச்சா வெயில் நேரா தோல்ல இறங்கும்மா. உதிர்ற உள்முடிய தினம் வாரி எடு, போதும்."

அன்றிலிருந்து தினமும் வாரினாள். உண்ணி பொறுக்கினாள். கருப்பனுக்காக மேய்ச்சலையே விடிகாலைக்கும் மாலைக்குமாக மாற்றினாள். பெற்ற மகனுக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை என்பான் ஜெபதாஸ்.

தீபா மலைக்கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு நான்கு மணிக்கு வந்து இறங்கினாள். ஆடுகள் அப்போதுதான் பட்டியை விட்டு வெளியே வந்திருந்தன.

"ரோமி!"

அவள் வைத்த பழைய பேர் அது. கேட்டதும் கருப்பன் அம்பாகப் பாய்ந்தது. தீபாவின் தோளில் கால் வைத்து முகமெல்லாம் நக்கியது. பிரேமகுமாரியிடம் ஒருநாளும் அது அப்படி ஆடியதில்லை.

"தொடாதீங்கம்மா, சொறி புடிச்சிருக்கு. ஒட்டிக்கும்" என்றாள் சட்டென்று.

தீபா கையை எடுக்கவில்லை. பதறிப்போய் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். தோல் பளிச்சென்று இருந்தது.

"எங்கயும் இல்லையேக்கா?"

பிரேமகுமாரிக்கு முகம் சுண்டிப்போனது.

"பொய்தாம்மா சொன்னேன். உங்களப் பாத்துட்டு இந்த ஆட்டம் ஆடறான். கூட்டிகினு பூடுவீங்களோன்னு..."

தீபா கருப்பனின் கழுத்து முடியைக் கோதினாள். "எங்கிட்ட இருந்தப்ப இவன் முடி ஒருநாளும் இப்படி மின்னினதில்ல. எனக்கு மட்டும் பொறாமையா இருக்காதாக்கா?"

பதில் சொல்வதற்குள் இரண்டு ஆடுகள் ரோட்டுப் பக்கம் நழுவின. தூரத்தில் கரும்பு லாரி. கருப்பன் தீபாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. குரைக்கவில்லை. பெரிதாகச் சுற்றிப்போய் ரோட்டோரம் வயிறு தரையில் படப் பதுங்கி, கண் கொட்டாமல் முறைத்தது. ஆடுகள் நின்றன, திரும்பின.

"ரோமி!"

"டேய் கருப்பா!"

இருவரும் கூப்பிட்டார்கள். அது இந்தப் பக்கமே திரும்பவில்லை.

"யாரத்தான் பாக்கறான்?" என்றாள் தீபா.

"அந்த மூக்கு வெளுத்த ஆட்டத்தான். அது ஒரு திருட்டுக் கழுத."

பிரேமகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீபாவும் சிரித்தாள். கிளம்பும்போது, "பொங்கலுக்கு வரட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"ஆங், வாங்க. ஆனா கருப்பான்னு கூப்பிடுங்க. இங்க அவன் பேரு அதான்."

தீபா தலையாட்டினாள். ஆனால் கார் நகர்ந்ததும், ஜன்னல் வழியே எட்டி, "போய்ட்டு வரேன் ரோமி!" என்றாள்.

பிரேமகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.