வெளியே தெரியட்டும்

அஞ்சலகப் படிகளில் லூரீன் நடந்து ஏறி நான் பார்த்ததில்லை. ஓடுவாள். அதற்கு முன் வேனுக்குள் உட்கார்ந்தபடி இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, இருக்கைக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். பிறகு வேன் கதவைப் பூட்டி, பூட்டியதை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். மத்திய அரசுக் கட்டிடம், உள்ளே ஆயுதம் ஆகாது. தன் தபால் பெட்டியில் வந்ததை வாரிக்கொண்டு திரும்பி, துப்பாக்கியை மறுபடி உறையில் செருகுவதற்குள் நான்கு நிமிடம் ஆகும். "உள்ள வரிசை நின்னா என்னடி பண்ணுவ?" என்று ஒருநாள் கேட்டேன். "நாளைக்கு வருவேன். கடுதாசி என்ன அழுகியா போகும்?" என்றாள்.

லூரீன் பேட்சனுக்கு நாற்பத்தாறு வயது. கார் கண்ணாடியில் கல் பட்டு விழும் சிறு ஓட்டைகளை அடைப்பது தொழில். வாரத்தில் நான்கு நாள் என் சலவைக் கடை வாசலில்தான் வேனை நிறுத்துவாள். "துணி காய்வதற்குள் கண்ணாடி தயார்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள். ஊசிமுனை ஓட்டையில் பசையை இறக்கி, நீல விளக்கைக் காட்டி இறுகவைத்து, பிளேடால் வழித்துவிட்டால் அடிபட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் அரிசோனாவில் இந்தத் தொழில் படுத்ததே கிடையாது. நெடுஞ்சாலை முழுக்கச் சரளைக்கல் லாரிகள்தான்.

பானெட் மீது சாய்ந்தால் துப்பாக்கியின் பிடி பெயிண்டைக் கீறும் என்று அதற்கு ஒரு குழந்தைக் காலுறையை மாட்டிக்கொள்வாள். ரோஜா நிறத்தில் வாத்துப் படம் போட்டது. வேலை முடிந்ததும் பிளேடைக் கீழே வைக்கிறாளோ இல்லையோ, காலுறையை உருவிவிடுவாள். கைப்பிடி வைத்த நாற்காலியில் அவளால் உட்கார முடியாது, உறை மாட்டிக்கொள்ளும். என் கடையில் எல்லாமே கைப்பிடி நாற்காலி. அதனால் துணி மடிக்கும் மேஜையின் விளிம்பில் தொற்றிக்கொள்வாள். அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. எழுந்து போய் நான் கேட்காமலே உலர்த்திகளின் பஞ்சுத் தட்டுகளைச் சுத்தம் செய்வாள். சூரியகாந்தி விதை கொறிப்பாள். வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்ப்பாள், திரும்பி வந்து இன்னொரு தட்டை இழுப்பாள். பார்க்கிற எனக்கே கால் வலிக்கும்.

எங்கள் ஊரில் இடுப்பில் துப்பாக்கியோடு பால் வாங்க வரிசையில் நிற்பவளை யாரும் இரண்டாம் தரம் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். "நீங்க போலீசா?" என்று ஒரு சுற்றுலாக்காரி கேட்டாள். "இல்லம்மா, கண்ணாடி ஒட்டறவ," என்று சொல்லிவிட்டு லூரீன் முட்டையை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை தோறும் துப்பாக்கி கட்டிக்கொண்டு அப்பம் சாப்பிடக் கூடும் ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் ஹாலிஸ் இவளை விடாமல் அழைப்பார். "ஏம்மா, நீ வந்து நாலு வார்த்தை பேசினா பொம்பளைங்க பத்து பேரு சேருவாங்க. இது நம்ம பிறப்புரிமை," என்பார்.

"பெரியவரே, உங்க உரிமை உங்களோட. எனக்குக் கொடியும் வேணாம், கூட்டமும் வேணாம். இதைப் பாக்கறவன் எவனாச்சும் போய் அவன்கிட்ட சொல்லணும். அவ்ளோதான் எனக்கு."

அவன் என்றால் ராய்ஸ், லூரீனின் முன்னாள் கணவன். நாற்பது மைல் தள்ளிச் சரளை லாரி ஓட்டுகிறான். "அவன் ஒடைக்கறான், நான் ஒட்டறேன். நல்ல குடும்பத் தொழில்," என்று சிரிப்பாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். அந்த வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தவன் ராய்ஸ். சாப்பிட உட்காரும்போது அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பானாம். ஒரு மாலை அதன் முனையை மெல்ல அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, உப்பை எடு என்றிருக்கிறான். "எடுத்துக் குடுத்தேன்டி. கை நடுங்கிப் பாதி கீழ கொட்டிருச்சு. அதுக்குத்தான் தாடையில அடி." மகள் டெசாவுக்கு அப்போது ஏழு வயது. அந்த வாரமே குழந்தையோடு கிளம்பிவிட்டாள். அவன் அருகில் வரக்கூடாது என்று நீதிமன்றம் கொடுத்த உத்தரவு எப்போதோ காலாவதியாகிவிட்டது.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. என் உலர்த்திகளுக்கு நடுவே அது உலாவுவது இன்னமும் பழகவில்லை. மற்றப் பெண்களைப் போல மறைத்தாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருக்கிறேன்.

"மறைச்சு வெச்சா எனக்கு மட்டும்தானே தெரியும்? அவனுக்குத் தெரிய வேணாமா?"

பதினோரு வருடமாக அவன் வரவில்லை. இதற்குப் பயந்து வரவில்லையா, இல்லை இவளை மறந்தே போய்விட்டானா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அதுதான் அவளை உட்காரவிடவில்லை என்று நினைக்கிறேன். "இது வேலை செய்யுதான்னு எப்படிடி பாக்கறது? கழட்டினாத்தான் தெரியும். கழட்டிப் பாக்க எவளுக்குத் துணிச்சல்?" என்பாள்.

இந்த மே மாதம் டெசா பள்ளியை முடித்தாள். பள்ளியின் பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கடைக்கு வந்து, பிளேடு துடைத்துக்கொண்டிருந்த தாயிடம் சொன்னாள்.

"மா, அப்பாவுக்கும் ஒரு விழாச் சீட்டு அனுப்பினேன். வரேன்னுட்டார்."

துடைத்த கை நின்றது. "பள்ளிக்கூடத்துக்குள்ள இதைக் கட்டிட்டு வர முடியாதுடி."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கூப்பிட்டியா?"

"ரெண்டரை மணி நேரம் மா. ஒரே ஒரு தடவை ரெண்டு பேரையும் ஒரே எடத்துல பாக்கணும் எனக்கு. வெறும் ஆளா வா."

லூரீன் அடுத்த ஐந்து மாலையும் பள்ளி மைதானத்துக்கு எதிரே, சாலைக்கு அப்பால் வேனை நிறுத்திக்கொண்டு, வேலிக்கு வெளியிலிருந்து தொலைநோக்கியால் ஒத்திகை நடக்கும் மேடையைப் பார்த்துப் பழகினாள். அங்கே நின்றால் இடுப்பில் இருப்பது இடுப்பிலேயே இருக்கலாம். ஆனால் மேடையில் ஏறுவது ஆணா பெண்ணா என்றுகூட அத்தனை தூரத்தில் பிடிபடவில்லை. எனக்கு அழுகை வந்தது. டெசா அழவில்லை. "வேலிக்கு அந்தப் பக்கம் நின்னா நீ வரலேன்னுதான் அர்த்தம். அதுக்கப்புறம் உன்னை எதுக்கும் கூப்பிட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னால் செய்கிற பெண். தாயைப் போலத்தான்.

விழா அன்று மாலை லூரீன் துப்பாக்கியை வேன் பெட்டியில் பூட்டிவிட்டு என் காரில் ஏறினாள். நீலக் கவுன், பெல்ட் இல்லை. பதினோரு வருடத்தில் அவளுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன். வலது கை எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தது. பள்ளி வாயிலில் பைகளை மட்டும் திறந்து பார்த்தார்கள், ஆளைத் தடவவில்லை. சட்டைக்குள் மறைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. அதைக் கவனித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மைதானத்தின் படிவரிசை இருக்கைகளில் நான்கு இடம் மாறினோம். கடைசியில் உச்சியில் உட்கார்ந்தோம்.

ராய்ஸ் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான். இளைத்திருந்தான். தொளதொளவென்ற வெள்ளைச் சட்டை, வெளியே விட்டிருந்தான்.

"சட்டைய வெளிய விட்டிருக்கான் பாரு," என்றாள்.

"வெக்கைக்கு விட்டிருப்பான்டி."

"அவன் எப்பவும் உள்ள விட்டுத்தான் போடுவான். எப்பவும்."

குடும்பப் பெயரின் அகரவரிசையில் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள், கூவினார்கள். லூரீன் மேடையைப் பார்க்கவே இல்லை. அந்த வெள்ளைச் சட்டையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கால் ஆட்டத்தில் எங்கள் பலகையே அதிர்ந்தது. டெசாவுக்கு அப்பாவின் குடும்பப் பெயர். இன்னும் ஏழெட்டுப் பேர்தான். இப்படியே இருந்தால் மகள் மேடையேறுவதை இவள் பார்க்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்தாள். கவுனைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த அரை நிமிடத்தில் நான் கும்பிடாத சாமியில்லை.

அவன் எதிரே போய் நின்றாள். "எந்திரி," என்றாள். மேலே இருந்த எனக்கே கேட்டது.

ராய்ஸ் எழுந்தான். அவள் வேறெதுவும் சொல்வதற்கு முன்பே இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான். ஒரு கையில் நிகழ்ச்சித் தாள் இருந்தது. லூரீன் சட்டைக்கு மேலேயே அவன் இடுப்பைச் சுற்றித் தடவினாள். முதுகுப் பக்கம் அழுத்திப் பார்த்தாள். மண்டியிட்டு இரண்டு கணுக்காலையும் பிடித்துப் பார்த்தாள். எங்கும் எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தில் கைதட்டல் நின்றுபோயிற்று. வாயிலில் நின்ற பெண் காவலர் வேகமாக நடந்து வந்தாள். ராய்ஸ் கையை இறக்காமலே அவளைப் பார்த்துச் சொன்னான். "இருங்கம்மா, அவ பாக்கட்டும்."

அப்போது ஒலிபெருக்கியில் வந்தது: "டெசா லின் ஹாஸ்கின்ஸ்."

லூரீன் எழுந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற ராய்ஸுக்கு முழு முதுகையும் காட்டி மேடைப் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தித் தட்டினாள்.